செருப்பு வெளியே கிடந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

"மனிதன் கொடுப்பது பெரிதும் மனம் இரங்கியா, ஊர்க் கண்ணுக்கு அஞ்சியா?" இதுதான் தலைப்பு. ஊர்க் கண்ணுக்கு அஞ்சியே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பர்ஸ் கதையைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். 40 நாடுகளில், யாரோ தொலைத்தது என்று சொல்லி ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்த 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள், காசு இல்லாததைவிடக் காசு இருந்ததுதான் அதிகம் திரும்பி வந்ததாம். 2019இல் வந்த ஆய்வு, உண்மைதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

போன ஆடி மாதம். கோவில் கொடை வசூலுக்குப் பையன்கள் நோட்டும் பேனாவுமாக வருவது மாடியிலிருந்தே தெரிந்தது. டிவியை அணைத்தேன். ஃபேனையும் அணைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே ஒரு குரல்: "அண்ணே, செருப்பு இங்கதான் கிடக்கு!" கதவைத் திறந்தேன். மனசுக்குள் நூறு ரூபாய் என்று கணக்கு. நோட்டை நீட்டினார்கள், மேல் வரியில் எதிர்வீட்டுக்காரர், ஐந்நூறு! நானும் ஐந்நூறு எழுதினேன். பக்தி அம்மன் மேல்தான், பயம் எதிர்வீட்டுக்காரர் மேல்.

இது உன் ஒருத்தன் கோளாறு என்பீர்கள். சிகாகோவைச் சுற்றியுள்ள ஊர்களில் டெல்லாவிக்னா, லிஸ்ட், மால்மெண்டியர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இதையே ஆய்வாகச் செய்தார்கள், 2012இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் மருத்துவமனைக்கு வீடு வீடாக நன்கொடை வசூல். சில வீடுகளில் மட்டும் முதல் நாளே "நாளை இத்தனை மணிக்கு வருகிறோம்" என்று கதவுப் பிடியில் துண்டுச்சீட்டு மாட்டினார்கள். மனம் இரங்குகிறவன் என்ன செய்ய வேண்டும்? காசை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கதவு திறப்பதே 9 முதல் 25 சதவீதம் குறைந்தது! "தொந்தரவு வேண்டாம்" என்று குறிக்க ஒரு கட்டமும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுப்பவர்கள் 28 முதல் 42 சதவீதம் குறைந்தார்கள். அதிலும் நின்றுபோனது பெரும்பாலும் 10 டாலருக்குக் கீழான சில்லறை. முகத்துக்கு நேரே நின்றால் மட்டும் பெயர்கிற காசு அது.

இன்னொன்று, 2006இல் வந்தது. கையில் 10 டாலர், இன்னொருவருக்கு அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தொகையை எழுதி முடித்த பிறகு சொல்கிறார்கள்: "அவருக்கு இந்த விஷயமே இன்னும் தெரியாது. 9 டாலரோடு நீ கிளம்பலாம், அவருக்குச் சொல்ல மாட்டோம்." ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கிளம்பிவிட்டார்! பேராசை என்றால் கொடுக்காமல் பத்தையும் வைத்துக்கொண்டிருக்கலாமே. கொடுக்கவும் மனசில்லை, கருமி என்று பேர் வாங்கவும் மனசில்லை. அந்த ஒரு டாலர், பேர் கெடாமல் இருக்கக் கட்டிய கப்பம்.

இப்போது பர்ஸ். அம்மா, அது அடுத்தவர் பர்ஸ்! ஹோட்டல் வரவேற்பாளர் கையிலும் வங்கிக் கவுன்டரிலும் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுப்பது எப்போதிலிருந்து ஈகை ஆயிற்று? காசோடு வைத்துக்கொண்டால் தன் கண்ணுக்கே தான் திருடனாகத் தெரிவோம் என்கிற கூச்சம்தான் பெரிய காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஊர்க் கண் உள்ளே குடி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, எந்தக் கண்ணும் இல்லாத இடம்? பின்னாளில் நோபல் வாங்கிய வெர்னன் ஸ்மித்தும் அவர் தோழர்களும் 1994இல் அதையும் செய்து பார்த்தார்கள். உறைக்குள் பத்து ஒரு டாலர் நோட்டு, நோட்டு அளவுக்கே வெட்டிய பத்து வெற்றுத்தாள். மறைவில் போய்ப் பத்தை எடுத்துக்கொண்டு பத்தை உறையில் விட வேண்டும், விட்டது இன்னொருவருக்குப் போகும். எதை எடுத்தாலும் உறையின் கனம் ஒன்றுதான், ஆராய்ச்சி செய்பவருக்கே யார் எவ்வளவு விட்டார் என்று தெரியாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒரு டாலர்கூட விடவில்லை.

மிச்சம் ஒருவர் விட்டாரே என்று எதிரணித் தலைவர் குறிப்பெடுக்கிறார். எடுங்கள் ஐயா! அந்த ஒருவரை உங்கள் அணிக்கே தாராளமாகக் கொடுத்துவிடுகிறேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, கொடுக்காமல் எப்படி இறங்குவது?

நன்றி, வணக்கம்.