இரண்டு கையெழுத்து, ஒரு இடது கை

நண்பர்களே, பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். பந்து எறிபவர் பிட்சர், மூன்று ஸ்டிரைக் ஆனால் மட்டைக்காரர் அவுட். இன்றைய பேச்சுக்கு இது போதும்.

மசனோரி முரகாமி, இடது கை பிட்சர். அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஆடிய முதல் ஜப்பானியர். அங்கே அவர் ஆடியது வெறும் 54 ஆட்டங்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பியிருப்பார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

1964-ல் ஜப்பானின் நன்காய் ஹாக்ஸ் அணி மூன்று இளைஞர்களை, தொழில் பழகி வரட்டும் என்று மேஜர் லீக் அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் அனுப்பியது. ஃபிரெஸ்னோ ஊரில் இருந்த ஜயன்ட்ஸின் கீழ்நிலை அணியில் முரகாமி வெளுத்து வாங்கினார். செப்டம்பர் 1 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில், கிட்டத்தட்ட 40 ஆயிரம் பேர் முன்னால் ஜயன்ட்ஸ் அணிக்காக அவரை இறக்கினார்கள். பதற்றம் தெரியாமல் இருக்க ஜப்பானியப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி நடந்தாராம் இருபது வயதுப் பையன். முதல் மட்டைக்காரரே ஸ்டிரைக் அவுட்!

அப்புறம்தான் வம்பு. பையன் மேஜர் லீக் வரை மேலே வந்தால் 10,000 டாலர் கொடுத்து ஜயன்ட்ஸ் அவரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஜயன்ட்ஸ் கொடுத்தது, நன்காய் வாங்கியும்கொண்டது. பிறகு, "அது அன்பளிப்புப் பணம், ஆள் எங்களுடையவர்" என்றது. ஜயன்ட்ஸிடம் கையெழுத்துப் போட்ட முரகாமி, ஊர் திரும்பி நன்காயிடமும் போட்டார். இரண்டு நாட்டு லீக்குகளும் முறைத்துக்கொண்டன. கடைசியில் 1965-ல் மட்டும் அமெரிக்காவில் ஆடட்டும் என்று முடிவானது.

அந்த ஒரு வருடத்தைப் பாருங்கள். 45 ஆட்டம், 85 ஸ்டிரைக் அவுட், 4 வெற்றி, 1 தோல்வி. தாக்குப்பிடிக்க முடியாத ஆளின் கணக்கா இது? ஆனாலும் திரும்பினார். அமெரிக்கா அனுப்புகிறேன் என்று சொல்லித் தன்னை அணியில் சேர்த்து, சொன்னபடி அனுப்பியும் வைத்த நன்காய் மேலாளர் ட்சுருஓகாவின் முகத்துக்காக.

ஜப்பானில் 103 ஆட்டம் ஜெயித்தார், சரி. மேஜர் லீகில் அடுத்த ஜப்பானியரைப் பார்க்க 1995-ல் ஹிடேயோ நோமோ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1983-ல், 38 வயதில் முரகாமி மீண்டும் ஜயன்ட்ஸ் பயிற்சி முகாமுக்குப் போய் வாய்ப்புக் கேட்டார். இடம் கிடைக்கவில்லை.