இடப்பக்கம் போகவைத்த கேம்

நேயர்களுக்கு வணக்கம்.

1985இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் திரை வலப்பக்கம் மட்டும்தான் நகரும். கடந்த இடத்துக்குத் திரும்பவே முடியாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே நிண்டெண்டோ ஜப்பானில் மெட்ராய்ட் என்ற கேமை வெளியிட்டது. பழக்கத்தில் வலப்பக்கம் போனால் கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்வான இடுக்கு வழிமறிக்கும். நாயகி சேமஸ் ஆரனால் அதில் நுழைய முடியாது. திரும்பி வந்து, புறப்பட்ட இடத்தையும் தாண்டி இடப்பக்கம் போனால் ஒரு கருவி கிடைக்கும். அதை எடுத்ததும் சேமஸ் பந்தாகச் சுருண்டு உருளலாம். இப்போது அந்த இடுக்கு ஒரு பாதை.

மெட்ராய்ட் தொடர் முழுவதும் இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. வேறு பல கேம்களில் சாவி கிடைக்கும், பூட்டு திறக்கும், அதோடு சாவியின் வேலை முடிந்துவிடும். இங்கே கிடைக்கும் கருவி கடைசிவரை நம்மோடு இருக்கிறது, பார்த்த இடங்களையே வேறு கண்ணால் பார்க்க வைக்கிறது. ஐஸ் பீம் கிடைத்த பிறகு, அதுவரை பயந்து விலகிய எதிரியை உறைய வைத்து அதன் மேலேயே ஏறி நிற்கலாம். எதிரி படிக்கட்டாகிவிடுகிறது!

இதை உச்சிக்குக் கொண்டுபோனது 1994இல் வந்த சூப்பர் மெட்ராய்ட். யோஷியோ சகமோட்டோ இயக்கியது. தொடக்கத்தில் செபெஸ் கோளுக்குள் இறங்கும்போது ஒரு எதிரிகூட இருக்காது, வெறும் அமைதி. பந்தாகும் கருவி முதல் கேமில் இருந்த அதே இடத்தில்தான் இருக்கும். அதையும் ஏவுகணைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினால், சற்றுமுன் காலியாகக் கிடந்த அறைகளில் எதிரிகள் காத்திருப்பார்கள்.

அப்புறம் அந்தக் கண்ணாடிக் குழாய். மரிடியா என்னும் நீர்ப்பகுதியின் ஊடாகப் போகிறது. முதல் தடவை வெளியே இருக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விடுவோம். வெகுநேரம் கழித்து, பவர் பாம் என்னும் வெடிகுண்டு கையில் இருக்கும்போது அதே குழாய்க்குள் நின்று அதை வெடிக்க வைத்தால் கண்ணாடி நொறுங்கி மரிடியாவுக்கு வழி பிறக்கும். இங்கே வெடி வை என்று ஒரு வரிகூடத் திரையில் வராது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது எட்டிகூன் என்ற மூன்று குட்டிப் பிராணிகள். ஆழமான ஒரு குழியில் விழுந்துவிடுகிறோம், ஏற வழியில்லை. அவை சுவருக்குச் சுவர் தாவித் தாவி மேலே போய்க் காட்டுகின்றன. பார்த்துச் செய்து பழகியதும்தான் தெரிகிறது, இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, முதல் நிமிடத்திலிருந்தே சேமஸுக்கு இந்தத் தாவல் கைவந்த கலை. சில கருவிகளை உரிய நேரத்துக்கு முன்பே போய் எடுக்கலாம் என்று இந்தத் தாவலைக் கற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். வேகமாக முடிக்கும் போட்டிகளில் இன்றும் அதுதான் உயிர்.

2002இல் இதே தொடரில் வந்த ஃபியூஷன் கேமில் ஒரு கணினி அடுத்து எங்கே போவது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கதைக்கு அது பொருந்துகிறது, சரி. ஆனால் தேடிக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியில் பாதி போய்விடுகிறது. 2021இல் ஸ்பெயினின் மெர்குரிஸ்டீம் நிறுவனம் நிண்டெண்டோவோடு சேர்ந்து உருவாக்கிய மெட்ராய்ட் டிரெட் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தது. நாம் வந்த வழியைச் சத்தமில்லாமல் அடைத்து, போகவேண்டிய பக்கம் நம்மைத் திருப்பிவிடும். வழிதவறித் தவிக்கும் நேரம் குறைகிறது. ஆனாலும் எனக்கு 1994இன் துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது. ஆடுபவரை அது முழுதாக நம்பியது.

சூப்பர் மெட்ராய்ட் இப்போது நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் கிடைக்கிறது. முதல் தடவை ஆடும்போது இணையத்தில் வழிகாட்டி வீடியோ தேடாதீர்கள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால், கடைசியாகக் கிடைத்த கருவியோடு பழைய அறைகளுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நன்றி, வணக்கம்.