கேக் வேண்டாம், தண்ணீர் கொண்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, எங்கள் அணியை வெளுத்து வாங்கிவிட்டு இப்போது நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி ஆசிரியை அவர்களே, கோவிலூரிலிருந்தும் எலத்தகிரியிலிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் தர்மபுரிக்கு வந்திருக்கும் அன்பியத்துப் பெரியவர்களே, கடைசி வரிசையில் கைபேசியை மடியில் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

"வளரிளம் பிள்ளைகளின் விசுவாசத்தை வேரூன்றச் செய்வது செபமா, பணியா?" இதுதான் தலைப்பு. பணியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி என் மேல் மூன்று கல் எறிந்தது. இயேசு வீட்டுக்கு வந்தபோது சமையலில் பதறிய மார்த்தாவைவிட, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட தங்கை மரியாவைத்தானே அவர் பாராட்டினார் என்பது ஒரு கல். தினமும் திருப்பலிக்குப் போன இத்தாலியப் பையன் புனித கார்லோ அக்குதிஸ் இரண்டாவது கல். மூன்றாவது, டிசம்பர் மாதம் பிள்ளைகள் முதியோர் இல்லத்தில் கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொள்வது, "இதுவா சேவை?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது கல்லை நான் கையில் பிடித்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொன்னது சரி, அது சேவை இல்லை. டிசம்பரில் ஒரே இல்லத்துக்கு ஐந்து குழு ஐந்து கேக்கோடு போகிறது. அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஜூன் மாதத்தில் அந்த வாசலை எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. ஆனால் அதற்காகச் சேவையையே கைவிடச் சொல்வது, சோறு குழைந்துவிட்டது என்பதற்காக அரிசியே ஆகாது என்று சொல்வது போல. குழைந்தது ஏன் என்று பார்ப்போம். அதற்குத்தான் இன்று என் நேரத்தில் பெரும்பங்கு.

முதலில் மார்த்தா. லூக்கா 10ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறார். அதே அதிகாரத்தில் அவருக்கு முந்தைய பத்தியில் யார் வருகிறார்? நல்ல சமாரியர். அடிபட்டு வழியில் கிடந்தவரின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்து, கட்டுப் போட்டு, தன் கழுதையில் ஏற்றி, சத்திரத்துக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, "கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனவர். திரும்பி வருவேன் என்று சொன்னாரே, அதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். அதைச் சொல்லி முடித்து, "நீரும் போய் அப்படியே செய்யும்" என்ற இயேசுதான் அடுத்த பத்தியில் மார்த்தாவோடு பேசுகிறார். சமைத்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. பலவற்றை நினைத்துப் பதறியதையும், "என் தங்கச்சி ஒரு கை கொடுக்கவில்லை" என்று விருந்தாளியிடமே குறை சொன்னதையும்தான் தொட்டார். நம் வீட்டு விசேஷங்களில் பாத்திரம் கழுவும் இடத்தில் கேட்கிற அதே பாட்டு!

கார்லோ அக்குதிஸ் 2006இல் 15 வயதில் இறந்தவர். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் பெற்றவர். தினமும் திருப்பலிக்குப் போனார் என்று எதிரணி சொன்னது உண்மை. அதே பையன் தன் கைச்செலவுக் காசைச் சேர்த்து மிலான் தெருவில் படுத்திருந்தவர்களுக்கு உறங்குபை வாங்கிக் கொடுத்தான் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அன்று அவரோடு சேர்ந்து பட்டம் பெற்ற இன்னொருவரையும் விட்டுவிட்டீர்கள். பியர் ஜோர்ஜோ பிராசாத்தி 1918இல், 17 வயதில், ஏழை வீடுகளுக்குப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தவர். 1925இல் 24 வயதில் இறந்தார். அடக்கத்துக்குத் தூரின் நகரத்து ஏழைகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றபோதுதான், பையன் இத்தனை வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான் என்பதே பெற்றோருக்குத் தெரிந்தது. படம் எடுத்துப் போடவில்லை, அதனால் தெரியவில்லை.

அந்தச் சபையைத் தொடங்கியவரும் ஒரு மாணவர்தான். 1833, பாரிஸ். பிரடெரிக் ஓசானாமுக்கு வயது 20. "உங்கள் சமயம் ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். ஓசானாமும் நண்பர்களும் பதிலாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்காமல் ஏழை வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் நேராகப் போய்க் கதவைத் தட்டிவிடவில்லை. ரோசாலி என்ற அருட்சகோதரியிடம் போனார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே எப்படிப் பேச வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். சேவை செய்ய ஆசை மட்டும் போதாது, பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும். செபம் செய்யக் கற்றுக் கொடுக்கிறோம், பாடக் கற்றுக் கொடுக்கிறோம், பீடத்தில் மணி அடிக்கக்கூடக் கற்றுக் கொடுக்கிறோம். சேவையை மட்டும் "போய்ச் செய்யுங்கப்பா" என்று விட்டுவிடுகிறோம். சோறு குழைந்தது அங்கேதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். நம் பாறையின் கனிமத்திலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்குப் பல்லில் கறை. அதையே பல வருடம் குடித்த பெரியவருக்கு மூட்டு இறுகி, முதுகு வளையாமல் போகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் தெருக்குழாய் வரை வந்துவிட்டது. தெருக்குழாயிலிருந்து, மகன் பெங்களூருவில் கட்டட வேலைக்கும் மகள் திருப்பூருக்கும் போய்விட்ட, குனிய முடியாத ஆயாவின் அடுப்படிக்கு அதைக் கொண்டுபோவது யார்? குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வந்து நிற்க முடியாததால் வாசலில் இருக்கிற ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீரையே அவர் குடிக்கிறார். உங்கள் 15 வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் எங்கே தேடுவேன்?

எளிய வேலைதான், ஆனால் இதிலும் தப்பு நடக்கும். ஒரு பெரிய குடம் நிறையப் பிடித்து மூலையில் வைத்துவிட்டு வந்தால், ஆயாவால் அதைச் சாய்க்க முடியாது. ஐந்து லிட்டர் கேன் மூன்றில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி ஊற்ற வேண்டும். தரையில் வைக்காமல் இடுப்பு உயரத் திண்ணையிலோ ஸ்டூலிலோ வைக்க வேண்டும். மூடி கட்டாயம். வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்ட மட்டும் போர்த் தண்ணீர் என்று சிலர் வைத்துக்கொள்வார்கள். களி குடிக்கிற தண்ணீர் கொஞ்சமா? சமையலுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஓர் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு ஐந்திலிருந்து ஏழு லிட்டர் என்று கணக்கு வைத்தால், மூன்று கேன் இரண்டு நாள்தான் வரும். ஆகவே வாரத்துக்கு ஒரு நடை போதாது, தெருவில் இன்னொரு பிள்ளையும் சேர வேண்டும். இன்னொன்று. "நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிங்க ஆயா" என்று எந்தப் பிள்ளையும் போர்த் தண்ணீருக்கு யோசனை சொல்லிவிடக் கூடாது. கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் ஆகும். சாதாரண பீங்கான் கேண்டில் வடிகட்டியாலும் பயனில்லை. நல்லெண்ணத்தோடு தப்பு யோசனை சொல்வது சேவையில் அடிக்கடி நடக்கிற விபத்து.

ஆள் கணக்கு எப்படி? எட்டுப் பிள்ளைகள் இருந்தால் நான்கு ஜோடி, நான்கு வீடு. அதற்கு மேல் ஒன்றும் எடுக்கக் கூடாது. முதல் மாத வேகத்தில் பன்னிரண்டு வீடு எடுத்து, மூன்றாம் மாதம் மூன்று வீட்டோடு நிற்கிற குழுக்கள்தான் அதிகம். யாருமே வராத வீட்டு ஆயா ஏமாறுவதில்லை. நான்கு வாரம் வந்துவிட்டு நின்றுபோனால்தான் அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சமாரியர் திரும்பி வருவேன் என்றாரே, அதற்குத்தான் சொன்னேன்.

இருவர் இருவராய் அனுப்பியது இயேசு காட்டிய வழி, மாற்கு 6ஆம் அதிகாரம். தனியாக அனுப்பவே கூடாது. முதல் இரண்டு முறை பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும். முதல் நாள் எதையும் சுமந்துகொண்டு போகாமல் உட்கார்ந்து பேச வேண்டும். "என்ன வேணும் ஆயா?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம் கண்ணு" என்றுதான் பதில் வரும். கேட்பதைவிடப் பார்ப்பது மேல். தண்ணீர் எங்கே இருக்கிறது, மாத்திரை அட்டை எங்கே, விளக்குச் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தால் வேலை தானாகத் தெரியும். மாத்திரை அட்டையில் இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். நேரத்தையோ அளவையோ மாற்றச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஏடிஎம் கடவு எண், ஓடிபி, அரசு தரும் முதியோர் உதவித்தொகை ஆகிய மூன்றையும் பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. வங்கிக்குப் போக வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் போவார். அந்த வீட்டு முதியவர் சாப்பிடாமல் கிடந்தாலோ உடம்பில் அடிபட்ட தடம் இருந்தாலோ அன்று மாலையே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களைப் பொறுப்பாளர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

துண்டுப் பிரசுரம் கொண்டு போகலாமா என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கூடாது ஐயா. தண்ணீருக்கு விலை வைத்தது போல் ஆகிவிடும். எந்த வீட்டில் எந்தச் சாமி படம் மாட்டியிருந்தாலும் கேன் மூன்றுதான்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறுகிற குழந்தை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும். அந்த மொழி தெரிந்த பத்தாம் வகுப்புப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், வார்த்தைக்குக் கீழே விரல் வைத்து வாசிக்க வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வைப்பதைவிட இது பலன் தரும். குழந்தைக்குப் பதில் தான் வாசித்துவிடாமல் இருப்பதுதான் கடினம்.

இதில் விசுவாசம் எங்கே என்று ஆசிரியை கேட்பார், கேட்கவும் வேண்டும். மற்ற மூன்று நற்செய்திகள் இயேசு அப்பத்தை எடுத்துக் கொடுத்ததைச் சொல்லும் அதே இரவுணவில், யோவான் 13ஆம் அதிகாரம் பாதம் கழுவியதைச் சொல்கிறது. நாம் அதைப் பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரோடு முடித்துவிட்டோம். வீட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகளை ஐந்து நிமிடம் ஆலயத் தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள். "இன்று என்ன பார்த்தாய்?" என்று ஒரே கேள்வி. பிறகு அவர்களையே மன்றாடச் சொல்லுங்கள். "உலகில் துன்புறும் அனைவருக்காகவும்" என்று புத்தகத்தைப் பார்த்து வாசித்த பையன், "முட்டி மடக்க முடியாத எங்க ஆயாவுக்காக" என்று சொல்வான். செபத்துக்கு எதிராக நான் பேசவில்லை நடுவர் அவர்களே. செபத்துக்குள் ஒரு முகம் வருவது பணியால்தான் என்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு விஷயம். "பரீட்சை இருக்கிறதே" என்று தாய்மார்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம். நம் பங்குகளில் சேவையைத் தவக்காலத்தில் வைக்கிறோம், பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே வாரத்தில் காணாமல் போகும், ஆயா வீட்டுக் கேன் காலியாகும். ஜூனில் தொடங்குங்கள். ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் பொறுப்பேற்கட்டும். ஒரே நாளில் ஆளை மாற்றிவிடாதீர்கள். பழைய ஜோடியும் புது ஜோடியும் மூன்று வாரம் சேர்ந்து போகட்டும். வாசலில் கேட்கிற புதுக் குரலை அடையாளம் கண்டு ஆயா கதவைத் திறக்க அவ்வளவு நாள் ஆகும். வணக்கம்.