ஆட்சேபிக்கும் உரிமை

(கீழக்கரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தேவிபட்டினத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே,

மருந்து விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் கரையில் பேச்சு நன்கொடையில் போய் முடிகிறது. ஜமாஅத்தும் ஊர்ப் பொதுவும் திரட்டித் தரும் பணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புதிய மருந்துகளின் விலை, பெரும்பாலும் காப்புரிமை அலுவலகத்துக்கு வரும் ஒரு விண்ணப்பத்தில்தான் தொடங்குகிறது.

நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழியில் அமைந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. அதே மருந்தை வேறு முறையில் செய்ய நம் ஆலைகளுக்குத் தடை இருக்கவில்லை. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடான டிரிப்ஸுக்கு இணங்க 2005இல் அது மாறி, மருந்துக்கே 20 ஆண்டுத் தனியுரிமை வந்தது.

கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் இசைவின்றியே அந்த மருந்தைச் செய்யப் பிறருக்குத் தரப்படும் அனுமதியை, பலரும் எடுத்துக்காட்டுவார்கள். புற்றுநோய் மருந்தான சொரஃபெனிபின் மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாயிலிருந்து 2012இல் 8,800 ரூபாய் அளவுக்கு இறங்கியது உண்மைதான். ஆயினும் சட்டத்தின் 84ஆம் பிரிவின்கீழ் கிடைத்த கட்டாய உரிமம் அந்த ஒன்றே. என் மதிப்பில் அதனினும் பெரியது அதே சட்டத்தின் 25(1)ஆம் பிரிவு: காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் ஆட்சேபிக்கலாம். சிறைப்பட்ட மீனவர்களுக்காக மனு எழுதிப் பழகிய இந்தக் கரைக்கு அது எட்டாத வேலையன்று.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் பெடாகுயிலினின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதே மருந்தை ஓர் அமிலத்தோடு சேர்த்துப் பெறும் உப்பு வடிவத்துக்குத் தனியுரிமை கேட்டு, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் பிடியை 2027 வரை நீட்டிக்க முயன்றது. பழைய சிகிச்சையால் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும் எதிர்த்து மனுச் செய்தனர். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் இந்த ஆட்சேபத்துக்குக் கட்டணம் விதித்ததோடு, அது ஏற்கத்தக்கதா என்பதைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலிலேயே முடிவுசெய்யவும் இடம் தந்தது. இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. சொரஃபெனிப் வழக்கில், காப்புரிமை பெற்ற மருந்தை இந்நாட்டில் எவ்வளவு விற்றோம் என்று காப்புரிமை வைத்திருந்த நிறுவனமே அளித்திருந்த ஆண்டறிக்கை, அந்நிறுவனத்துக்கே எதிரான சான்றாயிற்று. அந்த அறிக்கையை இனி மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.