ஒரே நாப் வைத்த பூஸ்ட் பெடல்: மிதித்தால் சத்தம் ஏறவில்லையா?

வணக்கம் மக்களே. மைக் ஓடுகிறது, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் சூடாகிவிட்டது, ஆரம்பித்துவிடலாம்.

போன வீடியோவில் கிட்டார் பெடல்களை அடுக்கிய பெடல்போர்டைக் காட்டியபோது, சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கும் எதிரொலி தரும் டிலேவுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்ததே, அங்கே குடிவர வேண்டியவர் வந்துவிட்டார். இதோ. இருங்கள், கேமரா ஃபோகஸ் பிடிக்கட்டும்... பிடித்துவிட்டது. அளவை மாற்றுகிற திருகாக ஒரு நாப், ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு. வேறு எதுவும் கிடையாது. திரை வைத்த பெடல், மெனுவுக்குள் மெனு வைத்த பெடல் இவற்றின் மேல் எனக்கு இருக்கிற கோபம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைப் பற்றிப் புலம்பியே ஒரு முழு வீடியோவை ஓட்டியிருக்கிறேன். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து மெனுவுக்குள் யார் போவது? அதனால் இந்தப் பூஸ்ட் பெடலைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "பூஸ்ட் வாங்கினேன், மிதித்தேன், சத்தம் ஏறவே இல்லை, டப்பா பெடல்" என்கிற பேச்சு எங்கே போனாலும் காதில் விழுகிறது. நேற்று ஒரு நண்பரும் இதையேதான் சொன்னார். அவர் அந்தப் பெடலைத் திட்டிய திட்டு இருக்கிறதே! ஆம்ப்பை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிக்னலைத் தூக்கிச் சத்தத்தை உடைக்கிற கெயின் நாப் முக்கால்வாசியாம். அதற்கு முன்னால் டிஸ்டார்ஷன் பெடல் வேறு ஆனில். இவ்வளவுக்கும் முன்னால் பூஸ்டை வைத்து மிதித்தால் சத்தம் எப்படி ஏறும்?

வாசித்தே காட்டுகிறேன். இப்போது ஆம்ப் க்ளீனில், அதாவது சத்தம் உடையாத நிலையில் இருக்கிறது, டிரைவ் எதுவும் இல்லை. ஒரு கார்டு... இப்போது பூஸ்டை மிதிக்கிறேன்... கேட்டீர்களா? அதே டோன், சத்தம் மட்டும் எழும்பி நிற்கிறது. சரி. ஆம்ப் கெயினை நன்றாக ஏற்றிவிட்டேன். அதே கார்டு, பூஸ்ட் நாப்பைத் தொடவில்லை. இல்லாமல்... இருந்தால்... சத்தம் ஏறியதா? பெரிதாக இல்லை. ஆனால் கார்டு தடித்துவிட்டது, நோட் சீக்கிரம் சாகாமல் தொங்கிக்கொண்டே இருக்கிறது, மெதுவாக மீட்டினாலும் வேகமாக மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது.

பூஸ்ட் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: கிட்டாரிலிருந்து வரும் சிக்னலின் வோல்டேஜைப் பெருக்குவது. 6 டெசிபல் ஏற்றினால் வோல்டேஜ் 2 மடங்கு. 20 டெசிபல் என்றால் 10 மடங்கு. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் என்கிற பூஸ்ட் பெடல் 26 டெசிபல் வரை போகும், அது ஏறத்தாழ 20 மடங்கு. மடங்கு என்றதும் காதுக்கும் அத்தனை மடங்கு கேட்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் இரட்டிப்பானது மாதிரி காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். ஆம்ப்பில் இடம் இருக்கும்வரை நாம் ஏற்றியதெல்லாம் சத்தமாக வெளியே வரும். அலையின் தலை ஏற்கெனவே வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கிற ஆம்ப்பில் அதற்கு மேல் உயர வழியே இல்லை. வெட்டுதான் இன்னும் ஆழமாக விழும். அந்த ஆழமான வெட்டைத்தான் நாம் கூடுதல் டிஸ்டார்ஷனாகக் கேட்கிறோம்.

ஆகவே சோலோவுக்குச் சத்தம் வேண்டும் என்றால், டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறதோ அதற்குப் பின்னால் பூஸ்ட் வர வேண்டும். பெடலில் பிறக்கிறது, ஆம்ப் க்ளீன் என்றால், அந்தப் பெடலுக்குப் பின்னால். ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப்பிலேயே பிறக்கிறது என்றால், அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பெடல் செருக ஆம்ப்பின் பின்பக்கம் இருக்கிற எஃபெக்ட்ஸ் லூப்பில். கடைசிக் கட்டத்தில் இருக்கிற பவர் வால்வுகளே திணறும் அளவுக்கு ஆம்ப்பைத் திறந்து வைத்திருக்கிறவர்களுக்கு லூப்பில் வைத்தும் பெரிய பலன் இருக்காது. அவர்கள் ரிதம் வாசிக்கும்போது கிட்டார் வால்யூமைக் குறைத்துக்கொண்டு, சோலோவில் திறப்பதுதான் வழி.

ஓவர்டிரைவுக்குப் பின்னால் என்றால் டிலேவுக்கும் பின்னால் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பாருங்கள். சோலோவின் கடைசி நோட்டை விட்டுவிட்டு பூஸ்டை அணைத்ததும், டிலே எதிரொலித்துக்கொண்டிருக்கிற வால் பட்டென்று கீழே விழும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. டிலேவுக்கு முன்னால் இருந்தால் வால் தன் போக்கில் தேய்ந்து அடங்கும். அதனால்தான் அந்த நடு இடத்தைக் காலியாகவே வைத்திருந்தேன்.

இனி இந்த நாப். இதைப் பேசாமல் இன்றைக்கு நான் எழுந்திருக்கப் போவதில்லை.

ஒரே நாப் உள்ள பெடல் என்றால் அந்த ஒரு நாப்பையாவது ஒழுங்காக வைக்க வேண்டாமா? இது வெண்ணெய் மாதிரி சுழல்கிறது. பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தள்ளுகிறேன், போய்க்கொண்டே இருக்கிறது. கைக்கு இது சுகம். ஆனால் நாப் இருப்பது சுவிட்சுக்கு நேர் மேலே. மிதிக்கும்போது ஷூவின் முனை நாப்பில் உரசுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நாலு பாட்டு முடிவதற்குள் பூஸ்ட் எங்கேயோ ஏறி நிற்கிறது. டிரம்மர் திரும்பிப் பார்க்கிறார். செய்தவர்கள் ஒரு முறையாவது காலில் ஷூ போட்டுக்கொண்டு இதை மிதித்துப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

டேப் ஒட்டிப் பார்த்தேன். பிசுபிசுப்பு, அசிங்கம். கடைசியில் கைகொடுத்தது குழாய்க்குப் போடுகிற சின்ன ரப்பர் வளையம். நாப்பின் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதை ஆலன் கீயால் தளர்த்தி நாப்பை மேலே இழுத்தால் வந்துவிடும். தண்டு தெரிகிறதா? அதைச் சுற்றி வளையத்தை இறக்குங்கள். நாப்பை அதன் மேல் லேசாக அழுத்திப் பிடித்தபடியே ஸ்க்ரூவை முடுக்குங்கள். ரப்பர் கொஞ்சம் நசுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். தடித்த வளையம் போட்டால் நாப் சிக்கிக்கொண்டு திரும்பவே திரும்பாது, மெல்லியது போட்டால் பிடிக்காது. அழுத்தம் அதிகமாகவும் வேண்டாம், தண்டு பாவம். இப்போது பாருங்கள், ஷூவால் வேண்டுமென்றே உரசுகிறேன்... அசையவில்லை! இன்னொரு முறை... அசையவில்லை! பெடல் வாங்கியதைவிட இந்த வளையம் பொருந்தியதில்தான் எனக்குப் பெருமை அதிகம், சிரிக்காதீர்கள்.

அட, நாப்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லியிருக்க வேண்டும். எல்லா பூஸ்டிலும் நாப் ஒரே மாதிரி வேலை செய்யாது. மைக்ரோ ஆம்ப் வகையில் நாப்பை முழுக்கக் குறைத்தாலும் சிக்னல் வந்த அளவிலேயே வெளியே போகும், அங்கிருந்து மேலே ஏறும். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் எல்பிபி-1 வகையில் உள்ளே டிரான்சிஸ்டர் எப்போதும் முழு வேகத்தில் பெருக்கிக்கொண்டிருக்கும், நாப் வெளியே விடுகிற அளவை மட்டும் தீர்மானிக்கும். அதை முழுக்கக் குறைத்தால் சத்தமே வராது, பெடல் கெட்டுவிட்டதோ என்று பதறாதீர்கள். இசட் வெக்ஸ் சூப்பர் ஹார்ட் ஆன் பூஸ்டில் இன்னொரு கூத்து: நாப்பைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வரும். அது பழுது இல்லை, அதன் சர்க்யூட்டே அப்படி. கரகரப்பு வந்தால் பரவாயில்லை என்று பெடலின் மேலேயே எழுதி விற்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்பிபி-1 கதை தெரியுமா? 1960களின் கடைசியில் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனர் மைக் மேத்யூஸ், நோட்டை நீண்ட நேரம் ஒலிக்கவைக்கும் ஒரு சஸ்டெயின் பெட்டி செய்ய நினைத்தார். அதை வடிவமைத்துக்கொண்டிருந்த பாப் மையர், கிட்டார் சிக்னல் இவ்வளவு பலவீனமாக வருகிறதே என்று முன்னால் ஒரு குட்டிப் பெட்டியைச் சேர்த்திருந்தார். உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டர். சோதித்துப் பார்க்க வந்த மேத்யூஸுக்குச் சஸ்டெயின் பெட்டியை விட அந்தக் குட்டிப் பெட்டிதான் பிடித்துப்போனது. அதுவே எல்பிபி-1 ஆகி, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1960களின் நடுவில், பிரிட்டனில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்கிற பூஸ்டர் வந்தது. அதில் ஓசி44 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அது காலால் மிதிக்கிற பெடலே இல்லை, ஆம்ப்பின் தலையில் உட்காருகிற பெட்டி. எல்லா அலைவரிசையையும் சமமாகத் தூக்காமல் ட்ரெபிளை, அதாவது கூர்மையான உயர் ஒலிகளை, அதிகமாகத் தூக்கும், அதனால் மந்தமாகக் கேட்கிற வால்வு ஆம்ப்புகளோடு பிரமாதமாகச் சேர்ந்தது. கிட்டார் கலைஞர்களில் ரோரி கல்லகர் அதை வைத்திருந்தார், பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி மாற்றியமைத்த ஒன்றை வைத்திருந்தார், குயீனின் பிரையன் மே இன்றும் ட்ரெபிள் பூஸ்டர்காரர். ஆம்ப் ஏற்கெனவே கூர்மையாகக் கத்துகிறது என்றால் இந்த வகைப் பக்கமே போகாதீர்கள், காது கிழிந்துவிடும்.

இந்த ஜெர்மேனியம் வகை வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வடிவத்தில் அப்படியே செய்தவை பாசிட்டிவ் கிரவுண்டு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். உங்கள் மற்ற பெடல்களெல்லாம் நெகட்டிவ் கிரவுண்டு. இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிகிற வயரில் மாட்டினால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரியோ, ஒவ்வொரு முனையும் தனித்தனியாக இருக்கிற பவர் சப்ளையோ வேண்டும். என்னுடையது சாதாரண 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், அதனால் வம்பு இல்லை.

இரைச்சலைப் பற்றி. பூஸ்டுக்கு நல்லது கெட்டது தெரியாது, முன்னால் என்ன வருகிறதோ எல்லாவற்றையும் தூக்கும். என் சிங்கிள் காயில் கிட்டாரோடு இப்போது பூஸ்டை மிதிக்கிறேன், வாசிக்கவில்லை... உம்ம்ம் என்று கேட்கிறதா? அது பெடலுடைய குற்றம் இல்லை, தந்தியின் அதிர்வை சிக்னலாக்குகிற பிக்கப் சுற்றுப்புறத்திலிருந்து பிடித்துத் தருகிற ஹம். கம்ப்யூட்டர் திரைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறேன், இப்போது நாற்காலியோடு கொஞ்சம் திரும்புகிறேன்... பாருங்கள், பாதி குறைந்துவிட்டது. இதற்கு எந்தப் பெடலும் வாங்க வேண்டாம்.

எவ்வளவு ஏற்றுவது? பேண்டோடு வாசிக்கும்போது சோலோவுக்கு 3 முதல் 6 டெசிபல் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேலும் சோலோ கேட்கவில்லை என்றால் குறை சத்தத்தில் இல்லை, நடு அலைவரிசைகளான மிட்ஸில். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கிறதே என்று மிட்ஸைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். பேண்டில் பேஸ் கிட்டாரும் சிம்பலும் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ள, நடுவில் நம் கிட்டார் காணாமல் போய்விடுகிறது. டியூப் ஸ்க்ரீமர் என்கிற ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் உச்சத்திலும் வைத்து பூஸ்டாகப் பயன்படுத்துகிறவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்றால் இதுதான். அது 720 ஹெர்ட்ஸ் சுற்றிலும் தூக்கி, பேஸைக் குறைத்துவிடும். ஹை கெயின் ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் தாழ்ந்த தந்திகள் குழையாமல் இறுக்கமாக வரும். என் கையில் இருக்கிற இந்த க்ளீன் பூஸ்ட் அதைச் செய்யாது, செய்யவும் வேண்டாம். எனக்கு என் கிட்டார் அப்படியே வேண்டும், கொஞ்சம் பெரிதாக.

சிலர் பூஸ்டை அணைப்பதே இல்லை, "போட்டாலே டோன் உயிர் பெறுகிறது" என்பார்கள். பாதி உண்மை. நீளமான கேபிள் ட்ரெபிளைக் கொஞ்சம் தின்னும், பூஸ்ட் அதைத் தடுக்கும். மீதி பாதி, சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல டோன் என்று நம்பிவிடுவது. பூஸ்ட் போட்டதும் ஆம்ப் வால்யூமை அதே அளவுக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் ஆனிலேயே விட்டுவிடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். பழைய ஜெர்மேனியம் ஃபஸ், அதாவது சத்தத்தை முரட்டுத்தனமாக உடைக்கிற பெடல், வைத்திருக்கிறவர்கள் மட்டும் அதற்கு முன்னால் பூஸ்டை வைக்காதீர்கள். அந்த ஃபஸ்ஸுக்குக் கிட்டார் பிக்கப்பை நேராகப் பார்க்க வேண்டும், நடுவில் யாராவது வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

ஆம்ப் இல்லாமல், கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, கம்ப்யூட்டர் ஆம்ப்பில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஸ்ட் போட்டுக்கொண்டு பலமாக மீட்டிப் பார்த்து, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு இன்புட் கெயினைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். வால்வில் சத்தம் உடைவது இனிமையாக இருக்கும். இன்டர்ஃபேஸில் உடைவது சகிக்காது. இதோ, வேண்டுமென்றே சிவப்பில் ஏற்றுகிறேன்... ஐயோ, போதும், போதும்.

சரி, அடுத்த வீடியோவில் ட்ரெபிள் பூஸ்டரையும் ஓவர்டிரைவையும் முன்பின் மாற்றி மாற்றி வைத்துக் கேட்போம். தனி பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன். வருகிறேன்.