அலெக்சாந்தரைச் சாய்த்தது மதுவே!

நடுவர் அவர்களே, "அலெக்சாந்தரை வீழ்த்தியது மதுவா, பேராசையா?" என்பது தலைப்பு. பேராசைதான் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். அவரை ஒன்று கேட்கிறேன். கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில், இனி ஓரடிகூட வரமாட்டோம் என்று படை மறுத்ததே, அலெக்சாந்தர் என்ன செய்தார்? மூன்று நாள் கோபித்துக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே கிடந்தார். அப்புறம் படையைத் திருப்பிவிட்டார். பேராசை சொல்பேச்சு கேட்டது ஐயா! போதை கேட்டதா?

மரகண்டாவுக்கு வாருங்கள், இன்றைய சமர்கண்ட். ஆண்டு கி.மு. 328. கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பார்கள். அலெக்சாந்தரின் நாட்டவரான மாசிடோனியர்கள் அப்படியே குடித்தார்கள். விருந்தில் துதிபாடிகள் மன்னரை வானத்துக்குத் தூக்குகிறார்கள். கிளைட்டஸ் எழுகிறார். யார் அவர்? கிரானிகஸ் போரில் அலெக்சாந்தரின் தலைக்கு மேல் வாளை ஓங்கிய பாரசீகனின் கையையே வெட்டி, மன்னரின் உயிரைக் காத்தவர். அவருக்கும் போதைதான். இந்த வெற்றியில் உங்கள் தந்தை பிலிப்புக்கும் வீரர்களுக்கும் பங்கில்லையா என்கிறார். மன்னர் ஆப்பிளை எடுத்து அவர்மேல் எறிகிறார். வாளைத் தேடுகிறார், காவலர் ஒருவர் அதை முன்பே அப்புறப்படுத்திவிட்டார். நண்பர்கள் கிளைட்டஸை வெளியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவரோ இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறார். மன்னர் காவலனின் ஈட்டியைப் பிடுங்கி அவரை ஒரே குத்து! தெளிந்ததும் அதே ஈட்டியைத் தன் கழுத்துக்குத் திருப்பினார் மன்னர், காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கொலையால் அவர் எந்த நாட்டைப் பிடித்தார்? பேராசைக்கு இதில் என்ன வேலை? உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அதற்குப் பிறகு யாருக்கு வரும்?

அலெக்சாந்தருடன் போன நம் தட்சசீலத்துத் துறவி கலனோஸ் பாரசீக மண்ணில் தீக்குளித்தார். அந்தச் சாவுக்குப் பிறகு மன்னர் நடத்தியது குடிப் போட்டி! வென்ற புரோமாக்கஸ் மூன்றே நாளில் செத்தார். குளிரும் சேர்ந்துகொள்ள, மற்றவர்களில் 41 பேர் மாண்டார்கள் என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய பழங்காலக் கிரேக்கர் புளூட்டார்க். போர்க்களமே இல்லாமல் இத்தனை உயிர்.

கடைசியில் மன்னரைக் கொன்றது காய்ச்சல்தானே என்றார் நண்பர். சரி, காய்ச்சலாகவே இருக்கட்டும். கி.மு. 323, பாபிலோன். மீடியஸ் என்ற நண்பருடன் இரவு வெகுநேரம் குடி. மறுநாளும் அவருடனே குடி. அதற்குள் உடம்பு கொதிக்கிறது. படுத்தவர் எழவில்லை. வயது 32. அரேபியப் படையெடுப்புக்குக் கப்பல்கள் தயாராக நின்றன. பேராசை அவரைக் கப்பலேறச் சொன்னது. ஏற விடாமல் கட்டிலில் கிடத்தியது எது என்று எதிரணி சொல்லட்டும்!