ஈரலில் கிடைக்கும் ஒரு வாரம்

(ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மலேரியாவைப் பற்றிப் பேச இந்தக் குளிர் ஊருக்கு ஏன் வந்தீர்கள் என்று வாசலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழும் தந்துவிட்டது. ஆனால் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்துவந்த நம் முன்னோரை வழிநெடுகக் காய்ச்சல் வாட்டியது. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்களையும் அது விடவில்லை.

என் தாய்மாமா அப்படி வவுனியாப் பக்கம் போனவர். சின்ன வயதில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். உச்சி வெயில். மாமாவோ லயத்திலிருந்து கொண்டுபோன கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். கட்டில் கால் தரையில் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு உடம்பு கொதித்தது, அப்புறம் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் எழுந்து பிளேன்டீ குடித்தார். அதற்கு அடுத்த நாள், அதே நேரத்தில், மறுபடியும் நடுக்கம். பக்கத்து வளவுக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்ததாம். அவரோ லேசான தலையிடியோடு வயலுக்குப் போய்வந்தார்.

கடித்தது ஒரே ஊர் நுளம்பு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? மாமாவுக்கு வந்தது வைவாக்ஸ் என்ற மலேரியா வகை. அதில் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒட்டுண்ணிகள் இரத்தச் செங்குழியங்களை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வரும். அப்போது நோயை எதிர்க்கும் நம் நிர்ப்பீடனக் கலங்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். காய்ச்சலோடு சேர்ந்து அது ஏறி இறங்குவதை நதீரா கருணாவீர, காமினி மெண்டிஸ் முதலிய ஆய்வாளர்கள் இலங்கை நோயாளிகளிடம் அளந்து 1992இல் வெளியிட்டார்கள். அதாவது மாமாவை அப்படி ஆட்டிவைத்ததில் அவருடைய சொந்தக் கலங்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்து வளவுக்காரரின் உடம்பு பலமுறை அடிபட்டுப் பழகியது. அந்தப் பழக்கம் வர வருடங்கள் ஆகும். ஊரை விட்டுப் போய்விட்டால் கரைந்தும் போகும்.

அந்தப் பாதுகாப்பில் பிறபொருளெதிரிகளுக்கு, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ள உடம்பு உண்டாக்கும் புரதங்களுக்கு, பெரிய இடம் உண்டு. 1961இல் காம்பியாவில், பலமுறை மலேரியா வந்து தேறிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் என் மனம் எப்போதும் ஈரலைத்தான் சுற்றும். கடித்த நுளம்பு விடும் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் நூறுகூட இருக்காது. அவை ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்கின்றன. சுமார் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் பல்லாயிரமாகப் பெருகி இரத்தத்தில் இறங்கும். அதுவரை காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. பிடிப்பதென்றால் அந்த வாரத்தில் பிடிக்க வேண்டும். ஈரற்கலம் தனக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். சிடி8 என்ற ரி கலங்கள், அவையும் நிர்ப்பீடனக் கலங்களில் ஒரு வகைதான், அதைக் கண்டு அந்தக் கலத்தையே அழித்துவிடும். 1967இல் ரூத் நுசென்ஸ்வைக் என்ற ஆய்வாளர், கதிர்வீச்சால் பலவீனமாக்கிய ஒட்டுண்ணிகளை எலிகளுக்கு ஏற்றி, பிறகு உயிரோட்டமுள்ளவற்றை விட்டுப் பார்த்தார். எலிகள் தப்பின. அந்தப் பாதுகாப்பில் சிடி8 கலங்களுக்குப் பெரிய பங்கு இருப்பது பிற்பாடு தெரியவந்தது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பூசிகள் இரண்டு: 2021இல் ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் ஆர்21. ஆர்21 நமக்கு அருகே புனேயில் தயாராகிறது. இரண்டும் ஈரலுக்குப் போகும் ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தைக் காட்டி, முக்கியமாகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன. பிறபொருளெதிரி குறையக் குறையப் பாதுகாப்பும் குறையும். அதனால்தான் மூன்று ஊசியோடு நிற்காமல் நாலாவதும் போடுகிறார்கள். ஆபிரிக்கக் குழந்தைகளுக்கு இது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈரலிலேயே நிரந்தரமாகக் குடியிருந்து காவல் காக்கும் சிடி8 கலங்களை மனிதரில் போதுமான அளவு உருவாக்கும் தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. இந்த இரண்டு தடுப்பூசிகளும் ஃபல்சிபாரம் என்ற இன்னொரு மலேரியா வகைக்கு மட்டும்தான். மாமாவை ஆட்டிய வைவாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளே, அந்த மேசையில் நுணுக்குக்காட்டியும் ஃபல்சிபாரம் பூசிய கண்ணாடித் தகடும் வைத்திருக்கிறேன். செங்குழியத்துக்குள் நீல மோதிரமும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும்; அதுதான் ஒட்டுண்ணி. செங்குழியத்துக்கென்று ஒரு கருவைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கரு இல்லாததால், முதிர்ந்த செங்குழியத்தால் ஈரற்கலத்தைப் போலத் தனக்குள் வந்தவனைத் தூக்கிக் காட்ட முடியாது. சிடி8 கலம் பக்கத்தில் போனாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. வரிசையாக வந்து பாருங்கள்.